துணை வந்த நாயும் வழியில் வீழ்ந்தோரும்

பிற உயிர்களிடத்து இரக்கங் கொள்ளுதல் நல்லொழுக்கம் என்பதை மறுப்பவர் இல்லை. சமயங்கள் அதனைப் போதித்திருக்கின்றன; சமயத்தை ஏற்காதவரும் அதனைப் போற்றுகின்றனர். ஆயினும், எல்லோரும் ஒருமித்து ஏற்றுக்கொள்ளும் ஓர் அறத்தைச் சற்று ஐயத்தோடு நோக்குவதே அறிவுடைமை. எவரையும் உறுத்தாத அறம் பெரும்பாலும் எதனையும் மாற்றாத அறமாகவே இருந்துவிடுகிறது. தன்னோடு வாழும் நாயை ஒருவன் நேசிக்கிறான். அந்நேசம் அவனை நீதியின் பக்கம் கொண்டுசெல்கிறதா, அன்றி நீதி அமரவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொண்டு அவனது மனச்சான்றை உறங்கச் செய்கிறதா? இதுவே நாம் இங்கு ஆராயப் புகும் வினா.

வெறுஞ் சொற்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதிற் பயனில்லை. மண்ணும் வெயிலும் மனிதர் வரலாறும் உள்ள ஓரிடத்தில் வைத்தே அதனைப் பார்க்கவேண்டும். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பெருவெளி அதற்குப் பொருத்தமான இடம். தெற்கே போர்ட் ஒகஸ்டா நகரிலிருந்து வடக்கே டார்வின் துறைமுகம்வரை கண்டத்தை ஊடறுத்துச் செல்லும் ஸ்டுவர்ட் நெடுஞ்சாலை ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர் நீளமானது. அதன் தென்பகுதி முழுவதற்கும் தார் இடப்பட்டு முடிந்தது 1987ஆம் ஆண்டிலேதான். தொழிலிலிருந்து ஓய்வுபெற்றோரும், தனித்து வாழ்வோரும், வேலை தேடி இடம் பெயர்வோரும் தம் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்காக இவ்வழியே பயணஞ் செய்கின்றனர். இத்தகைய பயணத்தின் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்வோம். கூபர் பீடியிற் காலையிற் புறப்பட்டு, ஏறக்குறைய 690 கிலோமீற்றர் கடந்து, இரவு அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரை அடையும் நாள் அது. வண்டி ஓட்டுபவர் யாராயினும் ஆகட்டும். நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். தீயவனைக் கொண்டு ஓர் அறத்தைச் சோதித்தல் எளிது. நல்லவனைக் கொண்டு சோதிக்கும்போதே அதன் உள்ளீடு தெரியவரும்.

கூபர் பீடி 1915ஆம் ஆண்டிலிருந்து ஓப்பல் கல் தோண்டப்படும் ஊர். வெயிலுக்கு அஞ்சி மக்கள் நிலத்தைக் குடைந்து வீடமைத்து வாழ்கின்றனர். விடியற்காலையிலும் அந்தியிலும் கங்காருக்கள் சாலைக்கு வருமாதலின், அனுபவமுடைய பயணி ஞாயிறு சற்று மேலெழுந்த பின்னரே வண்டியை எடுப்பான். இவ்வூரின் அயலிலே கம்பிவேலி ஒன்று செல்கிறது. பார்வைக்கு எளிய வேலிதான். ஆனால் அதன் நீளம் ஏறக்குறைய 5,600 கிலோமீற்றர். குயின்ஸ்லாந்தில் தொடங்கித் தென்கடலின் கரைவரை செல்லும் இவ்வேலி, உலகின் மிக நீண்ட வேலிகளுள் ஒன்று. டிங்கோ என்னும் காட்டுநாய் தென்கிழக்கின் ஆட்டு மந்தைகளை அணுகாதபடி தடுப்பதற்காக அமைந்தது அது. வேலிக்கு உட்புறத்திலும் பல வெளிகளிலும் '1080' என்ற எண்ணாற் குறிக்கப்படும் நஞ்சை இறைச்சியில் வைத்து இடுகின்றனர். சோடியம் புளோரோஅசெற்றேற் என்னும் அந்நஞ்சை நாயினம் சிறிதும் தாங்காது. உண்டபின் காப்பாற்றத்தக்க மாற்று மருந்தும் இல்லை. ஆகவே, எச்சரிக்கைப் பலகையைக் கண்ட பயணி தன் நாயை வண்டியை விட்டு இறக்குமுன் வாய்க்கட்டு அணிவிக்கிறான், அல்லது கயிற்றைக் குறுக்கிப் பிடிக்கிறான். அவனது அச்சம் நியாயமானது. அவனது அன்பும் மெய்யானது.

ஆனால் அப்பலகையின் முன் நின்று நாம் சற்றுச் சிந்திக்கவேண்டும். டிங்கோ இக்கண்டத்திற்கு வந்து மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆதிக்குடி மக்கள் அதன் குட்டிகளை எடுத்து வளர்த்தனர். குளிர் இரவுகளில் அவற்றின் உடற்சூட்டில் உறங்கினர். வளர்ந்தபின் அவை காட்டுக்கு மீளுவதைத் தடுக்கவில்லை. பின்னர் வந்த வெள்ளையர் அவ்விலங்கைச் சுட்டனர், பொறிவைத்துப் பிடித்தனர், நஞ்சிட்டனர். அதே வேளையில், 1840களில் நியூ சவுத் வேல்சில் தோமஸ் ஹோல் என்ற பண்ணையாளர் மாடோட்டும் நாய்களை டிங்கோவோடு கலந்து புதிய இனமொன்றை உருவாக்கினார். அவுஸ்திரேலிய மாட்டுநாய் என்று இன்று போற்றப்படும் இனத்தின் மூலம் அதுவே. வண்டியின் முன் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நாய் அவ்வினத்தைச் சேர்ந்ததாயின், வேலிக்கு அப்பால் நஞ்சுண்டு மடியும் விலங்கின் இரத்தம் அதன் உடலிலும் ஓடுகிறது. இரண்டுக்குமிடையே இயற்கை பெருஞ் சுவர் எதனையும் எழுப்பவில்லை, எழுப்பியது சொத்து. உடையவன் உள்ளது நாய். உடையவன் அற்றது பீடை. மந்தை இழந்த பண்ணையாளனின் துயர் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆயினும், உயிரின் துன்பத்தை மதிப்பிடும் அளவுகோல் அவ்வுயிரின் உள்ளே இல்லாமல், அதன்மேல் யாருக்கு உரிமையுண்டு என்பதிற் கிடக்கும்போது, அதனை இரக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. உடைமையுணர்வு இரக்கத்தின் ஆடையை அணிந்து வரக்கூடும் என்பதே இந்நாளின் முதற் பாடம்.

இப்பாடத்தைக் கற்றவுடன், நாய்மேற் கொண்ட அன்பு முழுவதும் போலி என்று முடிவு கட்டிவிடுவார் உளர். அவர்கள் நண்பகல்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

நண்பகலில் அப்பெருவெளியின் வெப்பம் கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். தார்ச்சாலை அதனினும் மிகுதியாகக் கொதிக்கும். அதன்மேல் நாயின் பாதம் வெந்துபோகும். மனிதனுக்கு உடல் முழுதும் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்வை. நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலமே அது தன் உடலைக் குளிர்விக்கவேண்டும். பெற்றோல் நிலையத்தில் பயணி இறங்கி, உணவுக்காகக் கதவை மூடிச் சென்றால், அசையாது நிற்கும் வண்டியினுள்ளே சில நிமிடங்களில் வெப்பம் உயிர்கொல்லும் நிலையை அடைகிறது. கதவைத் திறக்க நாய்க்குக் கையில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்ல மொழியில்லை. எங்கு செல்கிறோம், எப்போது சேர்வோம் என்று அறிய வழியில்லை. இப்பயணத்திற்கு அது இசைவு தரவுமில்லை. அது நம்பி ஏறியது, அவ்வளவே.

இந்நிலையில் மனிதனுக்கு உள்ள கடமை யாது? செருமானிய மெய்யியலாளர் கான்ற் தம் ஒழுக்கவியல் விரிவுரைகளில் இதற்கு ஒரு விடை கூறினார். விலங்குகளிடத்து நமக்கு நேரான கடமை எதுவும் இல்லை. நெடுங்காலம் உழைத்து மூத்துப்போன நாயை ஒருவன் சுட்டுக்கொன்றால் அவன் நாய்க்குத் தவறிழைத்தவன் ஆகான். ஆனால் மனிதரிடத்துக் காட்டவேண்டிய மென்மையைத் தன்னுள்ளே அழித்துக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. நாயிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான் என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் இக்கொள்கை நாயின் தாகத்தை மனிதன் தன் குணத்தைப் பழக்கிக்கொள்ளும் பயிற்சிக்களமாக்கிவிடுகிறது. மூடிய வண்டியினுள் மூச்சுத் திணறும் உயிர்க்கு அத்துன்பம் வேறெதற்கும் ஒத்திகையன்று. ஆங்கில அறிஞர் பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், விலங்கு சிந்திக்குமா, பேசுமா என்பது வினாவன்று, அது துன்புறுமா என்பதே வினா என்ற கருத்தை முன்வைத்தார். நண்பகல் வெயிலில் வைத்துப் பார்க்குமிடத்து, கான்ற்றினும் பெந்தமே உண்மைக்கு அண்மையில் நிற்கிறார்.

ஆனால் பெந்தமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். நாயின் இயலாமை இயற்கையாக நேர்ந்ததன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் அதனைத் தன் தேவைக்கேற்பத் தெரிந்தெடுத்து வளர்த்தான். வேட்டைக்கும் காவலுக்கும் மந்தைக்கும் அதனை உழைக்க வைத்தான். தனித்து வாழும் ஆற்றலை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, தன்மேற் சார்ந்திருக்கும் நிலையை அதற்குக் கொடுத்தான். ஆகவே தண்ணீர்க் கிண்ணத்தை அதன்முன் வைக்கும்போது அவன் கொடை வழங்கவில்லை, கடன் தீர்க்கிறான். உழைப்பைப் பெற்றவன் உழைத்தவனுக்குக் கடன்பட்டவன் என்பதே இதன் அடிப்படை. இவ்வடிப்படையை ஏற்றுக்கொண்டால், வண்டியின் முன் ஆசனத்தோடு கணக்கை முடித்துவிடலாகாது. அப்பெருவெளி யாருடைய உழைப்பால் மாட்டுப் பண்ணையானது என்ற வினா உடனே எழுந்துவிடுகிறது.

அதற்கு முன்னரே, காலை வேளையில், வண்டி மார்லா என்ற சிற்றூரைக் கடந்துவிட்டது. பயணிகள் பெற்றோல் நிரப்பிச் செல்லும் இடம் அது. அதன் தென்மேற்கே ஈமு வெளி என்னும் பாலைநிலம் உள்ளது. அங்கே 1953ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானிய அரசாங்கம் அணுகுண்டொன்றை வெடித்துச் சோதித்தது. வலற்றினா, வெல்பேண் ஹில் ஆகிய இடங்களிலிருந்த ஆதிக்குடி மக்கள்மீது கரிய மூடுபனி ஒன்று படிந்து சென்றதாகவும், அதன்பின் பலர் நோயுற்றதாகவும் அம்மக்கள் கூறினர். அப்போது சிறுவனாயிருந்த யாமி லெஸ்ரர் பின்னர் பார்வை இழந்தார். பல ஆண்டுகளின் பின் அவர் எழுப்பிய குரல், 1984இல் விசாரணை ஆணைக்குழு அமைவதற்குக் காரணமான குரல்களுள் ஒன்றாயிற்று. காற்றின் நிலை பொருந்தாதிருந்தும் குண்டு வெடிக்கப்பட்டது என்றும், வலற்றினாவிலும் வெல்பேண் ஹில்லிலும் மனிதர் இருந்தமை கணக்கில் எடுக்கப்படவில்லை என்றும் அவ்வாணைக்குழு 1985இல் முடிவு கூறியது.

கணக்கில் எடுக்கப்படவில்லை என்னும் இச்சொற்களை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அம்மக்களை வெறுத்து அழிக்க எவரும் திட்டமிட்டார் என்று ஆணைக்குழு சொல்லவில்லை. அவர்கள் கணக்கிலே இல்லை என்பதே செய்தி. அக்கணக்கை வகுத்தோருட் சிலர் தம் வீட்டு நாயைக் கண்ணெனக் காத்தவராயிருத்தல் கூடும். அதில் முரண்பாடு எதுவும் அவர்களுக்குத் தோன்றியிராது. நம்மோடு ஒரே அறையில் இருப்பதன் துன்பம் நமக்குத் தெரிகிறது. வரைபடத்தில் வெற்றிடமாகக் காட்டப்பட்ட நிலத்திலிருப்பவரின் துன்பம் தெரிவதில்லை. வரைபடத்தை வெற்றிடமாக வரைந்தவர் யார் என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

பிற்பகலில் வண்டி வட பிரதேசத்தின் எல்லையைக் கடந்து ஏர்ல்டண்டா சந்தியை அடைகிறது. அங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தொலைவில் உலுறு என்னும் செம்பாறை உள்ளது. அந்நாட்டுக்கு வருவோர் யாவரும் காண விரும்பும் காட்சி அது. ஆனால் அத்தேசிய வனத்தினுள், உடற்குறையுடையோருக்கு உதவும் பயிற்சிபெற்ற நாய்கள் நீங்கலாக, வளர்ப்பு நாய்களுக்கு இடமில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் கூட வந்த துணையை வெளியே விட்டுவிட்டு அவன் மட்டும் உள்ளே செல்வதா, அல்லது காட்சியைத் துறப்பதா என்று பயணி முடிவு செய்யவேண்டியிருக்கிறது.

நம்மவர் இவ்விடத்தில் மகாபாரதத்தை நினையாதிருக்கமாட்டார். இறுதிப் பயணத்தில் பாஞ்சாலியும் தம்பியரும் ஒருவர்பின் ஒருவராக வழியில் வீழ்ந்தனர். தருமன் திரும்பிப் பாராமல் நடந்தான். ஒரு நாய் மட்டும் அவனைத் தொடர்ந்தது. இந்திரன் தேரோடு வந்து, நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்றபோது, தன்னை அடைந்த உயிரைக் கைவிட்டு வரும் சுவர்க்கம் தனக்கு வேண்டியதில்லை என்று தருமன் மறுத்தான். நம் பள்ளிகளில் இக்கதையைச் சொல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இவ்விடத்திலே கண்கலங்கிக் கதையை நிறுத்திவிடுகின்றனர்.

தருமன் செய்ததை நாம் நுணுகி நோக்கினால் இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, அவன் நாயை மறைத்துச் சுவர்க்கத்தினுள் கொண்டுசெல்ல முயலவில்லை. விதியை ஏய்க்காமல், அதற்குரிய இழப்பைத் தானே ஏற்றுக்கொள்ள முன்வந்தான். உலுறுவின் வாயிலிலும் இதுவே முறை. 1985இல் அந்நிலம் அனங்கு மக்களிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. தங்கள் புனித மலைமேல் ஏறவேண்டாம் என்று அவர்கள் பல காலம் வேண்டியும் கேளாது ஏறியோர் எண்ணற்றோர். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரிலேதான் ஏறுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அவ்வனத்தில் 'மாலா' என்னும் சிறு விலங்கை வேலியமைத்த ஓரிடத்தில் 2005இல் மீண்டும் குடியேற்றி அருமையாகக் காத்து வருகின்றனர். நாயின் வாடையே அத்தகைய உயிர்களுக்கு அச்சம். ஆகவே, 'என் நாயன்றோ, அது எதனையும் செய்யாது' என்று சொல்லி உள்ளே நுழைபவன் தருமனின் வழியில் நிற்பவன் அல்லன். தன் அன்பின் செலவை நிலத்துக்குரியவர்மீதும் நாவற்ற சிற்றுயிர்மீதும் சுமத்துபவன் அவன். உண்மையான அன்பு தன் செலவைத் தானே ஏற்கும். வாயிலுக்கு வெளியே நிற்கவும் அறியும்.

இரண்டாவது உண்மை சற்றுக் கடுமையானது. இந்திரனே அதனைத் தருமனிடம் கேட்கிறான்: மனைவியையும் தம்பியரையும் வழியில் விட்டு வந்தவன் நாயை விட மறுப்பது ஏன்? இறந்தோரை உயிர்ப்பிக்கத் தன்னால் இயலாது. உயிரோடிருக்கையில் அவர்களைக் கைவிடவில்லை என்பது தருமனின் விடை. வழக்கு மன்றத்தில் இவ்விடை செல்லும். ஆயினும் நெஞ்சில் ஒரு முள் எஞ்சி நிற்கிறது. அவர்கள் வீழ்ந்தபோது, ஒவ்வொருவர் வீழ்ச்சிக்கும் அவரவர் குறையே காரணம் என்று விளக்கம் கூறிவிட்டு நடந்தவன் அவன். வீழ்ந்தவரின் குறையை எடுத்துக்காட்டி நடப்பது எவ்வளவு எளிது! இன்றும் உலகெங்கும் ஒடுக்கப்பட்டோரின் வறுமைக்கு விளக்கம் கூறுவோர் இம்முறையையே கையாளுகின்றனர்: குடித்தான், சோம்பினான், கல்லாதிருந்தான், ஆகவே வீழ்ந்தான் என்பர். நாயின் குறையை யாரும் பட்டியலிடுவதில்லை.

இரவு வண்டி அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரை அணுகுகிறது. நகரின் மேற்கே எழுந்து நிற்கும் கில்லன் மலை, அரண்டா மக்களின் மரபில் காட்டுநாய் மூதாதையோடு தொடர்புடையது. சாலை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே நாயின் பெயரால் அந்நிலம் அறியப்பட்டிருந்தது. அந்நகரின் வடமேற்கே கொனிஸ்ரன் என்னும் பகுதி உண்டு. அங்கே 1928இல் டிங்கோ பிடிக்கும் வெள்ளையர் ஒருவர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்கப் பொலிஸ் அதிகாரி ஒருவர் தலைமையிற் சென்ற குழுவினர் ஆதிக்குடி மக்களைத் தேடித் தேடிச் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படியே கொல்லப்பட்டோர் 31 பேர். உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்பர். விசாரணைக் குழு அதனை நியாயமான செயல் என்று தீர்த்தது. டிங்கோவின் தலைத்தோலுக்கு அரசாங்கம் பணம் கொடுத்த காலம் அது. ஆதிக்குடி மக்கள் வேட்டையாடிக் கொண்டுவந்த தோலை மாவுக்கும் தேயிலைக்கும் சீனிக்கும் வாங்கி, அரசாங்கத்திடம் அதனினும் உயர்ந்த விலைக்கு விற்ற இடைத்தரகர் பலர் இருந்தனர். அச்சந்தையில் நாயும் மனிதனும் ஒருங்கே மலிவாயினர்.

இதன்பின் நான்கே ஆண்டுகளில், 1932இல், நியூ சவுத் வேல்சின் கண்டகாய் என்னும் ஊருக்கு அருகே, உணவுப் பெட்டியைக் காத்து அமர்ந்திருக்கும் நாயொன்றின் சிலையை நாட்டின் பிரதமர் திறந்துவைத்தார். முன்னோடிக் குடியேறிகளின் நினைவாக எழுந்த சிலை அது. மேற்குக் கரையின் டம்பியர் துறைமுகத்தில் மற்றொரு சிலை உண்டு. வண்டிகளில் ஏறி ஊர் ஊராகத் திரிந்து தொழிலாளரின் நேசத்தைப் பெற்று 1979இல் இறந்த சிவப்பு நாய் ஒன்றின் சிலை அது; போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் அதனைத் தன் உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டது என்பர். இச்சிலைகளை நாம் இகழவில்லை. உழைப்பாளரின் தனிமையில் உடனிருந்த உயிருக்கு அவர்கள் செய்த நன்றி அது. ஆனால் அவ்வுள்நாட்டின் மாட்டுப் பண்ணைகளைத் தம் உழைப்பால் நடத்திய ஆதிக்குடி மந்தைமேய்ப்பர்களுக்கு என்ன கிடைத்தது? மாவு, தேயிலை, சீனி, மாட்டின் கழிவு இறைச்சி. கையில் மிகச் சிறு தொகை. தவழ்ந்து நுழையவேண்டிய தகரக் குடில். 1966ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சம ஊதியம் வழங்கவேண்டும் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது நடைமுறைக்கு வர 1968 டிசெம்பர்வரை பொறுக்கச் சொன்னது. பொறுக்கவில்லை குரிஞ்ஜி மக்கள். 1966 ஓகஸ்ட் 23ஆம் திகதி, வின்சன்ற் லிங்கியாரியின் தலைமையில், பிரித்தானிய வெஸ்ரி நிறுவனத்தின் வேவ் ஹில் பண்ணையிலிருந்து ஏறக்குறைய 200 பேர் வெளிநடந்தனர். ஊதியத்திற்காகத் தொடங்கிய போராட்டம் நிலத்திற்கான போராட்டமாயிற்று. தொழிற்சங்கங்களும் பிராங்க் ஹார்டி போன்ற இடதுசாரி எழுத்தாளரும் அவர்கள் பக்கம் நின்றனர். ஒன்பது ஆண்டுகளின் பின், 1975 ஓகஸ்ட் 16ஆம் திகதி, பிரதமர் விற்லம் அந்நிலத்தின் மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையிற் சொரிந்தார்.

பண்ணையில் தாங்கள் நாய்களைப்போல நடத்தப்பட்டதாக, அவ்வெளிநடப்பிற் பங்கேற்ற ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உலகின் பல மொழிகளிலும் வழங்கும் உவமை இது, தமிழிலும் உண்டு. இவ்வுவமையில் இரண்டு குற்றச்சாட்டுகள் அடங்கியிருக்கின்றன. மனிதன் மனிதனாக நடத்தப்படவில்லை என்பது ஒன்று. நாய் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை நாம் எல்லோரும் அறிவோம் என்பது மற்றொன்று. எந்தச் சமுதாயத்தில் உழைத்துச் சார்ந்திருக்கும் உயிரை உதைத்தல் இயல்பாகிறதோ, அந்தச் சமுதாயத்தில் உழைக்கும் மனிதனையும் அவ்வுயிரின் இடத்துக்குத் தள்ளிவிட்டு உதைத்தல் இயலுகிறது. ஆகவே ஏணியின் கடைசிப் படியில் இருப்பவரை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு, அப்படியை வேறோர் உயிர்க்கென வைத்திருத்தல் தீர்வாகாது. உதைப்பதற்கென்று ஒரு படியை வைத்திருக்கும் ஏணியே கேள்விக்குரியது.

நம் தோழருட் சிலர் நாய்மேல் அன்பு கொள்வதைச் செல்வர் பொழுதுபோக்கு என்று எள்ளுவதுண்டு. வரலாறு அவர்களுக்கும் இடந்தரவில்லை; அவ்வன்பைத் தனியறமாகப் போற்றுவோருக்கும் இடந்தரவில்லை. 1824இல் இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவியோருள் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சும் ஒருவர். இரக்கம் பங்கிட்டாற் குறைந்துபோகும் பண்டமன்று என்பதற்கு அது சான்று. ஆனால் 1933 நவம்பரில் செருமனியின் நாசி அரசாங்கமும் விலங்குகளைக் காக்க விரிவான சட்டம் இயற்றியது. அதே அரசு மனிதரை இலட்சக்கணக்கில் கொன்றழிக்கச் சென்றது. அந்நாசிகளின் சிறைமுகாம் ஒன்றில் யூதப் போர்க்கைதியாக இருந்த மெய்யியலாளர் இமானுவேல் லெவினாஸ், 1975இல் எழுதிய சிறு கட்டுரையொன்றில், முகாமுக்கு வந்து சேர்ந்த தெருநாய் ஒன்றை நினைவுகூர்கிறார். வழியிற் கண்ட செருமானியர் கைதிகளை மனிதராகப் பாராதபோது, அந்நாய் மட்டும் காலையிலும் மாலையிலும் வாலாட்டிக் குதித்து அவர்களை வரவேற்றது. சில வாரங்களில் காவலர் அதனைத் துரத்திவிட்டனர். நாய்க்குச் சட்டம் இயற்றியோர் மனிதரை மறுத்தனர். சட்டம் அறியாத நாய் மனிதரை அறிந்தது. அன்பு யாரிடம் தொடங்குகிறது என்பதைக் கொண்டு அதனை மதிப்பிட இயலாது என்பதையே இவை காட்டுகின்றன. அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

தருமனின் கதையை நம் ஆசிரியர்கள் நிறுத்துமிடத்தில் வியாசர் நிறுத்தவில்லை. சுவர்க்கம் புகுந்த தருமன் அங்கே துரியோதனனைக் காண்கிறான், தம்பியரைக் காணவில்லை. அவர்கள் எங்கே என்று வினவி, இருளும் நாற்றமும் நிறைந்த நரகத்துக்கு வழிகாட்டப்படுகிறான். திரும்ப எண்ணும்போது, 'சற்று நில். நீ நிற்பதால் எம் துன்பம் தணிகிறது' என்ற பொருள்பட குரல்கள் எழுகின்றன. யாரென்று கேட்க, அவை தம்பியரும் பாஞ்சாலியும் எனத் தெரிகிறது. அப்போது அவன் அவர்களின் குறையைப் பட்டியலிடவில்லை. விளக்கம் எதுவும் கூறவில்லை. தேவர்களையும் அவர்களது நீதியையும் கடிந்து, தான் இங்கேயே இருக்கப்போவதாகச் சொல்லித் தூதனைத் திருப்பி அனுப்புகிறான். நாயின் சோதனை முதலாவது, இதுவே முடிவானது. முதலாவதிற் காலடியில் நின்ற ஓர் உயிரைக் கைவிடாமை போதுமானதாயிருந்தது. இரண்டாவதில், கண்ணுக்குத் தெரியாத இருளிலிருந்து வரும் குரல்களைக் கேட்டு நிற்கவும், அந்நீதியை வகுத்தோரை எதிர்த்துப் பேசவும் வேண்டியிருந்தது. முதற் சோதனையில் தேறாதவன் இரண்டாவதில் தேறுவான் என்று நாம் நம்புவதற்கில்லை. ஆனால் முதலாவதோடு நின்றுவிட்டவன் பாதி வழியே வந்தவன்.

ஆகவே, அப்பயணி நண்பகலில் தன் நாய்க்கு வைத்த தண்ணீரை நாம் மதிக்கிறோம். அக்கிண்ணத்தை வைத்த கை, தான் கடந்து செல்லும் நிலம் யாருடையது என்று கேட்கவும், அவர்கள் நிலத்தில் நுழையுமுன் அனுமதி பெறவும், அவர்களின் ஊதியத்துக்கும் உரிமைக்குமான போராட்டத்தில் உயரவும் கற்றுக்கொண்டால், அத்தண்ணீர் வீண்போகவில்லை. நாம் வாழும் நாடு எதுவாயினும், நாம் செல்லும் சாலை எதுவாயினும், அதன் ஓரத்தில் வீழ்ந்தோர் உண்டு. அவர்கள் ஏன் வீழ்ந்தனர் என்பதற்கு ஆயத்தமான விளக்கங்களும் உண்டு. இக்கதையை இனி வகுப்பறையிற் சொல்லும் ஆசிரியர் நாயோடு நிறுத்திவிடாமல், நரகத்தின் வாயில்வரை மாணவரை அழைத்துச் செல்வாராக. அங்கே குரல் கேட்டு நின்றவனே தருமன் என்ற பெயருக்கு உரியவனானான்.